விதவையின் இரண்டு பிள்ளைகளும் நம் வீட்டுக் கல்விக் கடனும்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் போதகர் இல்லத்துக்கு வரும் ஜெப விண்ணப்பங்கள் மாறிவிடுகின்றன. மார்ச் மாதத்தில் பிள்ளை தேர்ச்சி பெற வேண்டும் என்று கேட்டவர்கள், ஜூன் மாதத்தில் வங்கியில் கல்விக் கடன் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதே நாள்களில் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு சிலரும் வருகிறார்கள். மகனுக்காக ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடனுக்கு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, ஐயா, இது நமக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். முந்தைய விண்ணப்பத்தைச் சபை நடுவே எழுந்து நின்று சொல்லுகிறோம். பிந்தையதைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுகிறோம். கடனைவிட, அதை மறைக்கும் வெட்கமே நம் பிள்ளைகளை அதிகமாய் அழுத்துகிறது என்பது என் துணிபு.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் விதவையை நாம் அறிவோம். எண்ணெய் பெருகிய அற்புதத்தையே பிரசங்கங்களில் கேட்டுப் பழகிவிட்டதால், அந்தச் சம்பவம் ஒரு கடன் வழக்கில் தொடங்குகிறது என்பது நம் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. இறந்துபோனவர் தேவபக்தியுள்ளவர், தீர்க்கதரிசிகளின் குழுவைச் சேர்ந்தவர். ஆயினும் கடன் வைத்துவிட்டு இறந்தார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா அங்கே சொல்லாமல் விட்டவற்றைக் கவனியுங்கள். உன் புருஷன் ஏன் கடன் வாங்கினான் என்று அவர் கேட்கவில்லை. கடனைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். அயலாரிடம் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். எண்ணெய் நிரம்பிய பின் முதலில் கடன், மீந்ததில் ஜீவனம். எண்ணெய் வார்க்கும்போது அவள் கதவைப் பூட்டிக்கொண்டாள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே தெரு முழுவதற்கும் அவள் நிலைமை தெரிந்துவிட்டிருந்தது. தெரியாமல் எப்படி ஒரு பெண் வீடு வீடாகப் போய்ப் பானை கேட்க முடியும்?

கடனுக்காகப் பிள்ளையைக் கொண்டுபோவது நமக்குத் தூரதேசத்துக் கதையன்று. கல்வராயன் மலையின் மூத்தவர்கள் இன்னும் ஜாகீர் காலத்தைப் பேசுகிறார்கள். 1947இல் நாடு சுதந்திரம் அடைந்த பின்னும் இந்த மலை ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியிலேயே இருந்தது. கூலியில்லாத வெட்டி வேலை மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. வழக்குகளெல்லாம் முடிந்து 1976இல்தான் மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டமும் அதே 1976இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ வரும் ஒரு தகப்பன், வங்கிப் பத்திரத்தில் மகனோடு தானும் கையெழுத்திட வேண்டும் என்றவுடன் பின்வாங்கினால், அதை அறியாமை என்று எளிதாய்ச் சொல்லிவிடக் கூடாது. பிறருக்குக் கட்டுப்பட்ட வாழ்வின் விலையை அந்தக் குடும்பம் முன்பே கொடுத்திருக்கிறது.

கீழ்நாட்டில் நம்முடைய தடுமாற்றம் வேறு விதமானது. கிறிஸ்தவன் கடன் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவருக்கும் கடன்படாதிருக்கப் பவுல் ரோமருக்கு எழுதிய புத்திமதியைக் காட்டி, வங்கிக்குப் போவதே விசுவாசக் குறைவு என்பார்கள். இதே வீடுகளில் மகளின் திருமணத்துக்கு மூன்று வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். மண்டபமும் விருந்தும் அதில் நடந்திருக்கும். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கிகளின் கல்விக் கடன் வட்டி ஏறத்தாழ 10 சதவீதத்தை ஒட்டி நிற்பது. விருந்துக்கு 36 சதவீதம் துணிந்து கொடுப்பவருக்குப் படிப்புக்குப் 10 சதவீதம் பாவமாகத் தோன்றுவது எனக்கு விளங்கவில்லை. பவுலின் வார்த்தைக்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வரியானாலும் தீர்வையானாலும் செலுத்தவேண்டியதைச் செலுத்தித் தீர்ப்பதைப் பற்றியே அவர் பேசுகிறார். இன்னும் சிலர் வங்கியின் காகிதங்களுக்குப் பயந்து, மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் நிறுவனங்களில் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்கள். அங்கே தவணை உடனே தொடங்கிவிடும். பிள்ளை சம்பாதிக்கவோ இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.

ஆனாலும் வங்கி வாசலை மிதிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, நமக்குக் கடன் வேண்டுமா என்பதே. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக்கான கலந்தாய்வில் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சிறு தொகைதான், ஆனால் அதன் பயனைக் கீழே ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

மலையாளி இனத்தைச் சேர்ந்த சகோதரர்களில் சிலர், கிறிஸ்தவரானபடியால் பழங்குடியினர் உரிமை போய்விட்டது என்று எண்ணிச் சான்றிதழே கேட்காமல் இருக்கிறார்கள். பழங்குடியினர் பட்டியலுக்கு மதம் ஒரு நிபந்தனையன்று. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான கல்வி உதவித்தொகை அவர்களுக்கும் உரியது. ஆனால் அந்தச் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்குவார். தாசில்தார் அலுவலகத்தோடு முடிகிற வேலையன்று. கருணாபுரம் கள்ளச்சாராயத் துயரத்துக்குப் பின் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலை மக்களின் அடிப்படை வசதிகளைக் குறித்து வழக்கு எடுத்தது நினைவிருக்கும். சாலையும் பேருந்தும் அரிதான ஊர்களிலிருந்து ஒரு காகிதத்துக்காகப் பலமுறை மலையிறங்குவது எவ்வளவு கூலி இழப்பு என்பது நமக்குத் தெரியும். ஆகையால் கல்லூரி சேரும் மாதத்தில் ஓடாமல், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு மத்திய அரசின் அட்டவணைச் சாதிச் சலுகை மறுக்கப்படுகிறது. அந்த அநீதியைக் குறித்து வேறொரு வாரம் எழுதவேண்டும். ஆனாலும் தமிழ்நாடு அரசு அவர்களுக்கும் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. சிறுபான்மையினருக்கான டாம்கோ கழகமும் வருமான வரம்புக்கு உட்பட்டுக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் அதை விசாரிக்கலாம்.

இவற்றுக்குப் பிறகும் பணம் குறைந்தால் வங்கிக்குப் போகலாம். தலைகுனிந்து போக வேண்டாம். 2001 முதல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 4 லட்சம் வரை நம் கையிலிருந்து ஒரு பங்கும் போட வேண்டியதில்லை. 2015இல் வந்த கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கப்படுவதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். உங்கள் கிராமம் எங்கள் கிளையின் எல்லையில் இல்லை என்ற காரணம் கல்விக் கடனுக்குப் பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டுமானால் மேலதிகாரியின் இசைவும் வேண்டும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் அதற்கு ஒரு பதிவெண் இருக்கும். வாய்வார்த்தையாக இல்லை என்று திருப்பி அனுப்புவது அப்போது கடினம். தகப்பனாரின் பழைய கடன் நிலுவையைக் காட்டி மறுக்கிறார்கள் என்பது அடிக்கடி கேட்கும் முறையீடு. சிபில் மதிப்பெண் குறைவு என்ற ஒன்றை மட்டும் காரணமாக்கிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் கூறியது. நம் மாநில வங்கிகளை அது கட்டுப்படுத்தாது என்றாலும் மனுவில் எடுத்துக்காட்டலாம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு விழுப்புரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலேயே மனுவைக் கொடுக்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் பயத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2016 ஜனவரியில் சின்னசேலத்தை அடுத்த பங்காரத்தில், ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் மாணவியர் மூவர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்காது. மிகுதியான கட்டணம் கேட்கிறார்கள், வகுப்புகள் நடப்பதில்லை என்று குற்றஞ்சாட்டி அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். தரகர் ஒருவர் வீடு தேடி வந்து, பெங்களூரில் நர்சிங் இடம் இருக்கிறது, கடனையும் நானே வாங்கித் தருகிறேன் என்றால், அவருக்குக் கல்லூரி எவ்வளவு கொடுக்கிறது என்று கேளுங்கள். நர்சிங் கவுன்சில், ஏஐசிடிஇ, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அங்கீகாரத்தை நீங்களே பாருங்கள். கடன் கிடைப்பதற்கும் இது அவசியம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்படிப்புக்கு, படிக்கும் காலத்துக்கும் பின்வரும் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. ஆனால் 2018 முதல் அது நாக் அல்லது என்பிஏ தரச்சான்று பெற்ற இடங்களுக்கும் சில மத்திய நிறுவனங்களுக்குமே கிடைக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கானது. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் இந்த வட்டிச் சலுகைகளின் கதவு பெரும்பாலும் அடைபட்டே இருக்கும். வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே வங்கியில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

இனி அந்தக் கணக்கு. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம், 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. அடுத்தடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000 ரூபாய் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடுகிறது. பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய். பதினைந்து ஆண்டுகள் என்றால் மாதம் 5,800; ஆனால் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டும். சென்னையில் 15,000 ரூபாய்க்கு வேலை கிடைத்த பிள்ளை, அறை வாடகையும் சாப்பாடும் போக எதிலிருந்து 7,140 கட்டுவான்?

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும்; தவணை 5,290 ரூபாயாகக் குறையும். முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 830 ரூபாய்க்குச் சற்று மேல். புதுமைப்பெண் ஆயிரம் ரூபாயை அப்படியே அதற்குக் கட்டிவிடலாம். படிப்புக் காலத்தில் ஒழுங்காய் வட்டி கட்டுவோருக்கு ஒரு சதவீதம் வரை வட்டிக் குறைப்பும் மாதிரித் திட்டத்தில் உண்டு. வேலை கிடைத்த பிறகுதானே கட்டவேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், படிப்பு முடிந்து ஓராண்டானதும் தவணை தொடங்கிவிடும் என்பதே இப்போதைய ஒழுங்கு. அரியர் வைத்துப் படிப்பைப் பாதியில் விட்டவருக்கும் கடன் விடாது.

பெண்பிள்ளைகளின் கடனைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். நம் சபைகளில் நர்சிங் படித்த மருமகள் வேண்டும் என்று தேடுகிறோம். அவள் சம்பளம் நம் வீட்டுக்கு வரவேண்டும். அந்தப் படிப்புக்கு வாங்கிய கடன் மாத்திரம் அவள் தகப்பன் வீட்டில் இருக்கவேண்டும். கரும்பு வெட்டியும் மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போயும் அறுபது வயதில் ஒருவர் மகளின் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மகளோ, ஊருக்குப் பணம் அனுப்பினால் கணவன் வீட்டில் சண்டை என்று அழுகிறாள். கடன் இருப்பதை மறைத்துத் திருமணம் செய்வதும் நடக்கிறது. பின்பு அது தெரியவரும்போது வீடு பிளக்கிறது. நிச்சயதார்த்தப் பேச்சில் சீரைக் குறித்து இத்தனை விவரமாகப் பேசுகிற நாம், கல்விக் கடன் மீதி எவ்வளவு, அதைப் பெண்ணின் சம்பளத்திலிருந்து கட்டுவதற்குச் சம்மதமா என்பதையும் அதே பாயில் உட்கார்ந்து பேசிவிடலாம். திருமண ஆலோசனைக்கு வரும் இரு வீட்டாரிடமும் இனி இதை நான் கேட்பேன்.

தவணை தவறிவிட்டவர்களுக்கு என்ன சொல்வேன்? தேர்தலுக்குத் தேர்தல் கல்விக் கடன் தள்ளுபடி என்ற வார்த்தை காதில் விழுகிறது. அதை நம்பிக் கட்டக்கூடியவர்களும் கட்டாமல் நிறுத்தியதால் நேர்ந்தது இதுதான்: 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடனாகிறது, மாணவனின் பெயரில் மட்டுமன்றித் தகப்பனின் பெயரிலும் அது பதிவாகிறது, அடுத்த தங்கைக்குக் கடன் கேட்கும்போது அந்தப் பதிவு எதிரே வந்து நிற்கிறது. கையில் இருந்தும் கொடாமலிருப்பதை வேதம் துன்மார்க்கனின் வழி என்றே 37ஆம் சங்கீதத்தில் எண்ணுகிறது. அதற்கு மழுப்பலான விளக்கம் ஒன்றையும் நான் தரமாட்டேன்.

கையில் இல்லாதவர்களின் காரியம் வேறு. அவர்கள் வங்கியைத் தவிர்த்து ஓடுவதுதான் பெரிய நஷ்டம். வேலை இழந்த காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும், தொடக்கத்தில் சிறு தவணையாகக் கட்டவும் மாதிரித் திட்டத்தில் இடமிருக்கிறது. எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும். லோக் அதாலத்தில் வட்டியைக் குறைத்துத் தீர்வு செய்யலாம். ஆனால் அப்படிக் குறைத்துத் தீர்த்த கணக்கு, முழுதும் கட்டி முடித்த கணக்காகப் பதிவாகாது என்பதை அறிந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. கடன் கொடுத்தவன் அடகுப்பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்கவேண்டும். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல் உண்டு, ஒரு மானம் உண்டு என்று தேவன் கருதினார். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் நடுவே அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் உறுதிப்படுத்திய விதி ஏறத்தாழ அதே வாசற்படியில் கோடு கிழிக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அதே அதிகாரம், மாவரைக்கும் கல்லை அடகாக வாங்குவதையும் தடுக்கிறது. அது ஒருவனுடைய பிழைப்பு. கட்டணப் பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் கல்லூரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கல் என் நினைவுக்கு வரும். சான்றிதழ் இல்லாமல் வேலை எப்படி? வேலை இல்லாமல் பாக்கி எப்படி? அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது.

2016இல் மதுரையைச் சேர்ந்த ஒரு பொறியியல் பட்டதாரி, கல்விக் கடன் வசூலுக்கு வந்தவர்களின் நெருக்குதலுக்குப் பின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நம் சபையின் வாலிபரில் எவருக்கேனும் அத்தகைய இருள் சூழுமானால், இரவு எந்நேரமானாலும் போதகர் இல்லக் கதவைத் தட்டுங்கள். பேச நாவெழாவிட்டால் 14416 என்ற டெலி மனாஸ் எண் இருக்கிறது. கட்டாத கடன் ஒரு கணக்கு வழக்கு. அதற்கு நீதிமன்றம் உண்டு, தவணை உண்டு, தீர்வும் உண்டு.

அந்த விதவைக்கு அயலார் பொன்னோ வெள்ளியோ கொடுக்கவில்லை. காலிப் பானைகளைக் கொடுத்தார்கள். நம்மிடையே வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள்; விண்ணப்பம் நிரப்பிப் பழகிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; தவணை கட்டி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சபைக் கமிட்டியின் முன் ஒரு யோசனையை வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கைப் பிரித்து, மலைக் கிராமங்களிலிருந்து கல்லூரி சேரும் நம் பிள்ளைகளின் முதலாண்டு வட்டியைக் கட்டலாம். ஒரு லட்சம் கடனுக்கு அது ஒரு பிள்ளைக்கு 10,000 ரூபாய். மதில் சுவருக்குப் புது வர்ணம் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கமிட்டியில் எல்லாரும் அதற்கு இன்னும் உடன்படவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்கட்டு அறையில் இருப்போம். புதிதாய்க் கடன் கேட்பவர்கள் சேர்க்கைக் கடிதம், கல்லூரியின் கட்டணப் பட்டியல், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பான் அட்டை ஆகியவற்றின் நகல்களோடு வாருங்கள். முன்பே வாங்கியவர்கள் கடன் ஒப்புதல் கடிதத்தையும் கணக்கு அறிக்கையையும் கொண்டுவாருங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் பிரிக்காத உறையானாலும் அப்படியே கொண்டுவாருங்கள். மலையிலிருந்து வருகிறவர்களை முதலில் பார்த்து அனுப்புவோம், மதியப் பேருந்தைப் பிடிக்கவேண்டும் அல்லவா.